சங்கு ஊதினால் வானத்தைப் பார்க்காதீர்கள்

ஓடுகிறேன். கையில் ஒரு குழந்தை. அபாயச் சங்கு அலறுகிறது. ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. ராயபுரம் ஸ்டேஷன் வாசலில் கும்பல் நின்று வானத்தை அண்ணாந்து பார்க்கிறது. சிலர் சிரிக்கிறார்கள். "படுங்க! எல்லாரும் கீழ படுங்க!" யாரும் படுக்கவில்லை. ரங்கூனிலும் இப்படித்தான் தெருவில் நின்றோம். ஏரோப்ளேன் மினுங்குகிறது என்று கைதட்டி வேடிக்கை பார்த்தோம். வேடிக்கை பார்த்தவர்கள் தெருவிலேயே கிடந்தார்கள்.

மதிலோரம் பள்ளம். குழந்தையைக் கிடத்தி மேலே கவிழ்கிறேன். ஒரு குச்சியை அதன் பல்லுக்கு நடுவில் கொடுக்கிறேன். இன்னொன்றை நான் கடிக்கிறேன். குண்டு வெடிக்கும்போது வாய் இறுக மூடியிருந்தால் காது கிழியும், பல் நொறுங்கும். அப்பா சொல்லிக் கொடுத்தது. "கடிச்சுக்க பாப்பாத்தி. விட்டுடாத." குழந்தை திமிறுகிறது. குண்டு விழவில்லை. என் முதுகில் செருப்பு விழுந்தது. அப்புறம் தடி.

அது 1971 டிசம்பர். பாகிஸ்தானோடு சண்டை நடந்துகொண்டிருந்தது. அன்று ஊதியது ஒத்திகைச் சங்கு. மதராஸில் அந்தச் சண்டை முடியும்வரை ஒரு குண்டுகூட விழவில்லை. குழந்தை என் தங்கை பாப்பாத்தி இல்லை. பாப்பாத்தி செத்து முப்பது வருஷம் ஆகியிருந்தது.

என் பெயர் ஆறுமுகம். துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். வீடு எர்ணாவூரில், அறுபதுகளில் பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களுக்குக் கொடுத்த வரிசையில். பிறந்தது ரங்கூன். அங்கேயும் அப்பா துறைமுகக் கூலிதான். 1941 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முன்னால், ஜப்பான்காரன் குண்டு போட்டான். முதலில் ஒரு விசில் சத்தம். பிறகு காதுக்குள் ஒன்றுமே கேட்கவில்லை. அப்பா துறைமுகத்திலிருந்து திரும்பவில்லை. அம்மா எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு, இந்தியாவுக்கு நடந்துபோகும் கூட்டத்தோடு ப்ரோம் சாலையில் நடந்தாள். பாப்பாத்திக்கு வாந்திபேதி. சாலையோரம் புதைத்தோம். அதற்கு மேல் போக விடாமல் எங்களை ரங்கூனுக்கே திருப்பி அனுப்பினார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது. இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

ராயபுரத்தில் என்னைப் பிள்ளை பிடிக்கிறவன் என்றார்கள். உளவாளி என்றார்கள். முதல் செருப்படி குழந்தையின் தாயுடையது. பிலோமினா. காசிமேட்டில் மீன் எடுத்து ஸ்டேஷன் வாசலில் விற்பவள். அவள் கூடைக்குப் பக்கத்தில் இருந்த குழந்தையைத்தான் நான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். அவள்தான் அடியை முதலில் நிறுத்தியதும். குழந்தை மேல் ஒரு கீறல் இல்லை. என் வாயில் இன்னமும் குச்சி இருந்தது.

"யார்யா அது பாப்பாத்தி?" என்றாள்.

"தங்கச்சி. ப்ரோம் ரோட்டுல போயிட்டா."

அவள் கும்பலைப் பார்த்துக் கத்தினாள். "வுடுங்கய்யா! இவன் புள்ள புடிக்கிறவன் இல்ல. எங்க நைனா மாதிரி கீறான். தள்ளு, காத்து வரட்டும்."

சண்டை இரண்டு வாரத்தில் முடிந்தது. ஜெயித்துவிட்டோம் என்று துறைமுகத்தில் மிட்டாய் கொடுத்தார்கள். என் சண்டை முடியவில்லை. பக்கத்துத் திருவொற்றியூரில் எத்தனை ஆலை. ஒவ்வொரு ஷிப்டுக்கும் சங்கு. ஆலைச் சங்கு வேறு சத்தம். ஒரே சீராக நீளும், ஏறி இறங்காது. எனக்குத் தெரியும். என் காலுக்குத் தெரியவில்லை. சங்கு ஊதியதும் கட்டிலுக்கு அடியில் கிடந்தேன். வேலைக்குப் போக முடியவில்லை. என் மனைவி வள்ளி சோற்றைத் தட்டோடு கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். நாற்பதை எட்டப்போகிற ஆம்பளை. அவமானமாக இருந்தது. செத்துவிடலாம் என்றுகூட இருந்தது.

காத்து கருப்பு அடித்துவிட்டது என்றார்கள் வரிசையில். ஒருவர் வேப்பிலையால் அடித்தார். இன்னொருவர், சங்கிலியில் கட்டிப்போட்டால் தெளியும் ஓர் இடம் தெரியும் என்றார். கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி என்று யாரோ வாயெடுத்ததும் வள்ளி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மதராஸில் அந்தப் பெயர் திட்டுவதற்குத்தான் இருந்தது. அங்கே போனவன் பைத்தியம், அவன் வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

பிலோமினா ஒரு நாள் மீன்கூடையோடு எர்ணாவூருக்கே வந்துவிட்டாள். ரயில் ஏறி, விசாரித்து, வரிசை வரிசையாகத் தேடி வந்திருக்கிறாள். குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள்.

"இன்னா மாமு, எம்புள்ளைய நசுக்கிட்டு இங்க ஹாயா படுத்துகினு கீறியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாள் கழித்து வந்த சிரிப்பு. வள்ளிக்கு அதைப் பார்த்தே அழுகை வந்துவிட்டது.

பிலோமினா தன் அப்பாவின் கதையைச் சொன்னாள். சாயங்காலக் காற்றில் கட்டுமரம் கவிழ்ந்தது. கூடப் போன இருவர் வரவில்லை. அவர் மட்டும் பலகையைப் பிடித்துக்கொண்டு கரை வந்தார். அதற்கப்புறம் அந்தக் காற்று வீசும் நேரமெல்லாம் தெருவில் ஓடுவார். செத்தவர்களைக் கூப்பிடுவார். "கடல்லேந்து பொழச்சு வந்தவன, அது நடந்த நேரத்துல தனியா வுட மாட்டோம், எங்க தெருவுல. யாராவது ஒருத்தர் பக்கத்துல குந்திக்குவோம். கையில வலைய குடுப்போம். கேட்டுக்கினே இருப்போம். இது எந்த இடம், எதிர்ல இன்னா கீது, நான் யாரு. அவரு பதில் சொல்லிக்கினே இருக்கணும். காத்து நின்னதும் எந்திரிச்சிடுவோம்."

பிறகு வள்ளியைப் பார்த்துச் சொன்னாள்: "கீப்பாக்கமும் போனாரு எங்க நைனா. போய்ட்டு வூட்டுக்குத்தான் வந்தாரு. நீ இன்னாத்துக்கு ஒப்பாரி வெக்கிற? நான் கூட வரேன். நாளைக்கே போலாம்."

போனோம். டாக்டர் நிறையப் பேசவில்லை. குண்டைப் பற்றிக் கேட்டார். அப்பாவைப் பற்றிக் கேட்டார். நான் சொன்னேன். முப்பது வருஷத்தில் முதல் தடவை, முழுசாக. பயம் உடம்பிலேயே தங்கிவிட்டது, குறைக்கலாம், மெதுவாகத்தான் குறையும் என்றார். தூங்குவதற்கு மாத்திரை. வாரம் ஒரு தடவை வரச்சொன்னார். சங்கு ஊதும் நேரத்தில் ஆள் பக்கத்தில் இருக்கட்டும் என்று அவரும் சொன்னார்.

இருந்தார்கள். காலைச் சங்குக்கு வள்ளி. மத்தியானச் சங்குக்கு வரிசைக்காரர்கள் முறைபோட்டு வந்தார்கள், முதலில் வேடிக்கை பார்க்க, அப்புறம் நிஜமாகவே. எனக்கு வலை பின்னத் தெரியாது. சாக்கும் கோணி ஊசியும் கொடுத்தார்கள். சங்கு நீளும்.

"இது எந்த ஊரு?"

"எர்ணாவூர்."

"எதிர்ல என்ன இருக்கு?"

"சுவரு. உன் மூஞ்சி."

"நான் யாரு?"

"வள்ளி."

சில நாள் பதில் ரங்கூன் என்று வரும். அவள் கோபிக்க மாட்டாள். மறுபடி கேட்பாள். மழை வந்து ஓய்ந்தது. நான் கட்டிலுக்கு மேலே தூங்கினேன். மூட்டைக்குத் திரும்பினேன். இன்றைக்கும் சங்கு கேட்டால் கை வியர்க்கிறது. ஆனால் ஓடுவதில்லை.

எங்கள் வரிசையில் சோலைமலை இருந்தார். அவரும் ரங்கூன். குண்டு விழுந்தபோது அவருக்குப் பதினைந்து வயது. தெருவில் பிணம் அள்ளியிருக்கிறார். அந்த டிசம்பர் ஒத்திகையிலிருந்து அவரும் தூங்கவில்லை. இது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவர் வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். வெளியே தெரிந்தால் சம்பந்தம் நின்றுவிடும் என்று கதவைச் சாத்தி வைத்தார்கள். கேட்டால் காய்ச்சல் என்றார்கள். பிறகு சங்கிலி போடும் அந்த இடத்துக்கு ராத்திரி வண்டியில் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபோது கணுக்காலில் புண். யாரோடும் பேசவில்லை. மாசியில் ஒரு விடியற்காலை எண்ணூர் ஆற்றில் அவரைக் கண்டெடுத்தார்கள். கல்யாணமும் நடக்கவில்லை.

அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் சாக்குத் தைத்துக்கொண்டு எர்ணாவூர், எர்ணாவூர் என்று சொன்னது அவருக்குக் கேட்டிருக்கும். சுவரில் ஒரு தட்டு தட்டியிருக்கலாமே ஐயா. எழுந்து வந்திருப்போமே.

இழந்ததைச் சொல்லி முடிக்கிறேன். ரங்கூன் துறைமுகத்தில் என் அப்பா. உடல் கிடைக்கவில்லை. ப்ரோம் சாலையில் பாப்பாத்தி, நான்கு வயது. ஒரு குண்டும் விழாத மதராஸில், ஜெயித்த சண்டையில், சோலைமலை. முதல் இருவரையும் போரில் செத்தவர்கள் என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். சோலைமலையைப் புத்தி பேதலித்துச் செத்தார் என்கிறார்கள். இல்லை. அவரும் போரில்தான் செத்தார். மூன்று பேர்.