கொடி கவுத்தான்

இல்ல டீச்சர், நீங்க உக்காருங்க. வாசல்ல நின்னு கேட்டு வாசல்லயே பதில் வாங்கிட்டுப் போற விஷயமா இது. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. பதில் மாறாது. நாளைக்கு நான் வரல, உங்கப்பா பேர நான் கூப்பிடமாட்டேன். ஏன்னு கேட்டீங்கல்ல, அதுக்குத்தான் உக்காரச் சொல்றேன். ஆனா முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன். நான் சொல்லப்போற கதைய நானே முழுசா நம்பல. ரொம்ப வருஷமாவே நம்பல. நம்பாமலேதான் அத வெச்சு இவ்வளவும் பண்ணேன்.

பொட்டலமா? தோ, அலமாரி மேல இருக்கு. ஞாயித்துக்கிழமை நீங்க வெச்சிட்டுப் போனதுதான். அத அப்புறம் பேசலாம். காப்பி எடுத்துக்கங்க. பட்டை கொஞ்சம் தூக்கலா விழுந்துடுச்சு.

காலைல கோயில் மணி அடிச்சப்பவே தெரியும், உங்கப்பா இலாரியோன் வாத்தியார் போயிட்டார்னு. நீங்க வருவீங்கன்னும் தெரியும். கடைசியா ஓய்வு பெத்த பெரிய வாத்தியார்தானே பேர் கூப்பிடணும். இப்ப அது நான்தான். எத்தன பேருக்குக் கூப்பிட்டிருக்கேன். ருஃபீனா டீச்சர் பெட்டிய பள்ளிக்கூட முத்தத்துல இறக்கி நான் மூணு தடவை பேர் கூப்பிட்டேன், மூணு தடவையும் ஊரே சேந்து உள்ளேன் ஐயான்னு சொல்லிச்சே. உங்கப்பாவுக்கு அது கிடையாது. பேர் கூப்பிடாமயே பெட்டி கேட்டத் தாண்டிப் போகட்டும், மட்டம் போட்ட பையன் மாதிரி. இந்த ஒரு நாளுக்காகத்தான் நான் வடக்க போய் மகன் வீட்ல உக்காராம இங்கயே கெடந்தேன்.

கோவிச்சுக்காத. நீன்னே சொல்றேன் கிரிசெல்தா, ஒரே பெஞ்சுல உக்காந்தவங்கதானே நாம. உனக்கு ஞாபகம் இருக்கும். ஆறாங் கிளாஸ்ல நான் முதல் மார்க்கு, நீ ரெண்டாவது. முதல் மார்க்குக்காரன்தான் கொடி புடிக்கணும். செங்கச் சூளக்காரன் மகன் கொடி புடிக்கறானான்னு பாக்கவே திங்கக்கிழமை காலைல ஆளுங்க வேலைக்குப் போற வழியில வேலிகிட்ட நிப்பாங்க. எங்கப்பா ஒரு பன்னிய வித்து எனக்கு வெள்ள உடுப்பு தைச்சார். வெள்ளக் கையுறை, தோள்லேந்து இடுப்புக்கு இறங்கற தோல் வார், அதுல ஒரு கிண்ணம், கம்போட அடி அதுல உக்காரும். ஆமா, நீயும் மாட்டியிருக்கியே. எனக்கப்புறம், வேற வார்.

எப்பவுமே அப்படித்தான, கொடி நாள் வருதுன்னா முந்தின வாரம் வாரையும் கையுறையையும் வீட்டுக்குக் குடுத்துவிடுவாங்க. வெளுத்து, தேச்சு, பையன் அளவுக்குச் சரி பண்ணிக் கொண்டு வரணும். மத்த வீட்ல அம்மாங்க செய்வாங்க. எங்க வீட்ல அம்மா இல்ல. ஒதீலியா அக்காதான் செஞ்சா. பதினாலு வயசு அவளுக்கு. நான் குச்சி மாதிரி இருப்பேன், வார் முட்டிக்குக் கீழ தொங்கும். அம்மா விட்டுட்டுப் போன நீல நூல்கண்டு ஒண்ணு இருந்துச்சு, ரவிக்கைக்குப் பூ போடற நூல். அதத் தொட யாரையும் விடமாட்டா. அன்னிக்கு எனக்காக எடுத்து, வார மடிச்சுத் தைச்சா. கையுறையில என் பேரோட முதல் எழுத்தக்கூட அதுலதான் போட்டா, உள்பக்கமா, யாருக்கும் தெரியாம. எனக்கு அவ்வளவு பெருமை.

அப்புறம் பிப்ரவரிக் காத்து. அதையும் எல்லாரும் சொல்வாங்க, காத்துதான் காரணம்னு. நகராட்சி மேடைக்கு முன்னாடி திரும்பறோம். ஊரே தொப்பியக் கழட்டி நெஞ்சுல கைய வெச்சு நிக்குது. இடுப்புல படக்குன்னு ஒரு சத்தம், வார் விட்டுச்சு, கம்பு முன்னாடி சாஞ்சுது. நான் புடிக்கப் பாத்தேன், கையுறை வழுக்கிடுச்சு. கொடியில இருக்கற கழுகும் பாம்பும் போய் குதிரச் சாணியில விழுந்துச்சு. யாரும் சிரிக்கல. சிரிச்சிருந்தாக் கூட பரவால்ல.

உங்கப்பா என்ன பண்ணார்? கிருதாவப் புடிச்சுத் தூக்கினார் என்ன, கால் தரையில படல. மறுநாள் முத்தத்துல மொத்தப் பள்ளிக்கூடத்தையும் நிக்க வெச்சு, கொடிய என்ன விட்டே துவைக்க வெச்சார். முட்டி போட்டு. நல்லவரு, கண்டிப்பானவரு, அந்தக் காலம் அப்படின்னு நாளைக்கு எல்லாரும் பேசுவாங்க. நீ பேசாத என்கிட்ட. நீ வரிசையில முதல்ல நின்ன. அடுத்த திங்கக்கிழமை நீ கொடி புடிச்ச. ஒஹாக்கா நகரத்துல மாநிலப் போட்டிக்கும் நீதான் போன. கேடயம் வாங்கிட்டு வந்த.

எனக்கு என்ன கெடச்சுது? கொடி கவுத்தான். அதான் பேரு. கடையில உப்பு வாங்கப் போனா, என்ன கொடி கவுத்தான், பொட்டலத்தயாவது ஒழுங்காப் புடின்னுவாங்க. எங்கப்பா குடிக்கப் போன இடத்துல கொடி கவுத்தான் அப்பன். செத்ததுக்கப்புறம் ஒருத்தன் கேட்டான், எந்த செவேரோ, கொடி கவுத்தான் அப்பனான்னு. சவம் வீட்ல கெடக்கறப்பவே.

அந்தக் கொடி துவைச்ச சாயங்காலம் ஒதீலியா அக்கா என்னச் சூளைக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போனா. அழாதடா, உன் மேல தப்பில்லன்னா. கொடி நாளன்னிக்குக் காலைல எனக்கு சோளரொட்டி குடுக்கப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாளாம். கேட்டுகிட்ட நின்னு பாத்தாளாம். ஆபீஸ் ஜன்னல் வழியா தெரிஞ்சுதாம், இலாரியோன் வாத்தியார் கையில வார், இன்னொரு கையில பிளேடு. தையல அறுத்துட்டிருந்தாராம். அவர் மக கொடி புடிக்கணும்ல, அதுக்கு.

பென்சில் சீவ அவர் சட்டப் பையில எப்பவும் பிளேடு வெச்சிருப்பாரே. ஊருக்கே தெரியும். நான் ஏன் நம்பமாட்டேன்?

நான் வாத்தியாரானது புள்ளைங்க மேல ஆசப்பட்டா? பயிற்சிப் பள்ளியில மொச்சையும் காஞ்ச ரொட்டியும் தின்னு படிச்சது எதுக்குன்னு நெனச்ச? அவர் நாற்காலிக்கு மேல ஒரு நாற்காலி வேணும். கெடச்சுது. முதல்ல அதே பள்ளிக்கூடத்துல தலைமையாசிரியர், அப்புறம் வட்டாரக் கல்வி அதிகாரி. உன்ன மலை மேல பேன்யா ஆல்த்தாவுக்கு மாத்தினது நான்தான், அது உனக்குத் தெரியும். தெரியணும்னுதான் கையெழுத்த பெருசாப் போட்டேன். கழுதையில அரை நாள் ஏறணும். ரெண்டு வருஷம் கழிச்சு இறக்கிவிடுவாங்கன்னு பாத்த, அதுக்கும் மேல இருக்கற ஊருக்குப் போட்டேன். உங்கப்பா ஓய்வு பெத்த அன்னிக்கு நான் விருந்து வெக்கல, மாலை போடல. எழுந்திரிச்சு ரெண்டு வார்த்த பேசக்கூட இல்ல.

அப்ப ஒரு தடவை என் ஆபீசுக்கு வந்தார், உன் மாற்றல் விஷயமா. தொப்பிய மடியில வெச்சு உக்காந்தார். ஏதோ சொல்ல வாயத் தொறந்தார். என்ன ஐயா, கெஞ்சறீங்களான்னேன். தொப்பிய எடுத்துத் தலையில வெச்சுக்கிட்டு, உங்கக்கா சௌக்கியமான்னு கேட்டார். சௌக்கியம்னேன். எழுந்து போயிட்டார். அன்னிக்கு ராத்திரி சந்தோஷமா மெஸ்கால் குடிச்சேன். இப்ப நெனச்சா அந்தக் கேள்வி ஒண்ணுதான் தொண்டையில நிக்குது.

சந்தேகம் எப்ப வந்துச்சுன்னா, தலைமையாசிரியரா பள்ளிக்கூட ஆபீஸ்ல நான் உக்காந்த முதல் நாளே வந்துச்சு. ஜன்னலத் தொறந்தேன். வெளிய பள்ளம். ஓடைக்குப் போற பள்ளம், கத்தாழப் புதர். கேட்டு கட்டடத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு. கேட்டுலேந்து பாத்தா ஜன்னல் தெரியாது, செவுருதான் தெரியும். சரி, பழைய நாள்ல ஜன்னல் வேற பக்கம் இருந்திருக்கும்னு நெனச்சேன். செவுரு கட்டின கொத்தனார் அப்ப உயிரோட இருந்தார். இந்தக் கட்டடத்துக்கு ஒரே ஜன்னல்தான் தம்பி, அன்னிலேந்து அங்கதான்னார்.

அக்காகிட்ட போய் ஜன்னல் பேச்ச எடுத்தேன். அப்ப நான் பொய் சொல்றேங்கிறியான்னு கரண்டியத் தூக்கிப் போட்டா. விட்டுட்டேன். அம்மா இல்லாத வீட்ல எனக்குச் சோறு போட்டவ. கல்யாணமே பண்ணிக்காதவ. ஆனா ஒண்ணு, உன்ன மலைக்கு மாத்தினேன்னு சொன்னப்ப அவ சந்தோஷப்படல. போதும்டா விட்டுருன்னா. ரெண்டாவது தடவை மாத்தினப்ப ரெண்டு நாள் என்கூடப் பேசல. பொம்பள மனசு இளகிடுச்சுன்னு நெனச்சேன்.

நெனச்சேனா? தெரியல. சந்தேகத்த ஒரு ஓரமா தள்ளி வெச்சுட்டு வேலையப் பாத்தேன்னு வை. கோவத்த எறக்கி வெச்சா அப்புறம் நான் எதுக்கு வாத்தியாரானேன்? என் பொண்டாட்டி அம்பாரோ சொல்வா, நீ என்னக் கட்டிக்கல, அந்தக் கொடிக்கம்பக் கட்டிக்கிட்டன்னு. அவ பொறந்த வீட்டுக்குப் போனப்பவும் அதத்தான் சொன்னா. என் பையன் ராமிரோ முதல் மார்க் வாங்கினான், அவனக் கொடி புடிக்கத் தேர்ந்தெடுத்தாங்க. நான் கூடாதுன்னுட்டேன். ஏம்ப்பான்னு கேட்டான், அடிச்சேன். இப்ப வடக்க ஏதோ கோழிப் பண்ணையில இருக்கான். வா வான்னு ரெண்டு தடவை கூப்பிட்டான், அப்புறம் கூப்பிடறதில்ல.

அழுவாத. உங்கப்பாவுக்கு அழறியா எனக்கு அழறியா? எனக்குன்னா வேணாம்.

சரி, பொட்டலம். எடுத்துக் குடு, உனக்கு எட்டும். நீ வெச்சிட்டுப் போன அன்னிக்கே பிரிச்சிட்டேன், உள்ள நான் மாட்டின அந்தப் பழைய வார். உங்கப்பா படுக்கையில இருந்தே சொன்னாராம்ல, இத அவன்கிட்ட குடு, பேரையும் அவன்தான் கூப்பிடணும்னு. இத்தன வருஷம் துணி அலமாரியில அடியில வெச்சிருந்தாராம்ல. எனக்கு முதல்ல சிரிப்பு வந்துச்சு. சாகற நேரத்துல பயம் வந்துடுச்சு கெழவனுக்கு, திருடினத திருப்பிக் குடுக்கறான்னு. வார எடுத்து வெளிச்சத்துல புடிச்சேன், பிளேடு பட்ட எடத்த விரலால தேடினேன். ஆசையாத் தேடினேன், கிரிசெல்தா.

நீயே பாரு. தோல்ல ஒரு கீறல் இல்ல. செருப்புத் தைக்கறவன் போட்ட பழைய தையல், மெழுகு நூலு, அது அப்படியே கெட்டியா இருக்கு. கிண்ணத்துக்குப் பக்கத்துல என் இடுப்புக்காக மடிச்சாங்களே, அந்த மடிப்பு மட்டும் விட்டிருக்கு. அறுத்திருந்தா நூல் முனை ஒரே மாதிரி இருக்கும். இது இழுபட்டுப் பஞ்சாப் போயிருக்கு பாரு. நிறம் மங்கிடுச்சு. ஆனா ஓட்டைக்குள்ள மாட்டிருக்கற துணுக்க நகத்தால எடுத்தா இன்னும் நீலம்.

அவருக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். வாரப் பாத்த யாருக்கும் தெரியும். அவர் ஏன் யார்கிட்டயும் காட்டலன்னு ரெண்டு நாளா யோசிக்கறேன். என்ன முட்டி போட வெச்சத இன்னும் நான் மன்னிக்கல, அத எழுதி வெச்சுக்க. அது வேற கணக்கு. ஆனா அவர்கிட்ட கேக்கலாம்னா இப்ப அவர் பெட்டியில இருக்கார். நான் மூணு தடவை கூப்பிட்டா ஊருதான் பதில் சொல்லும், அவர் சொல்லமாட்டார்.

பெட்டிய பத்து மணிக்குக் கொண்டு வர்றீங்களா, பதினொண்ணுக்கா? பத்தா. சரி.

இரு, ரொட்டிய எடுத்துட்டுப் போ, வீட்ல ஆளுங்க வந்திருப்பாங்க. நேத்து அக்கா வீட்டுக்குப் போனேன். கொல்லையில உக்காந்து மொச்ச உரிச்சிட்டிருந்தா. கண்ணு சரியாத் தெரியறதில்ல, விரலாலயே தடவித் தடவி உரிக்கறா. வாடா, சாப்ட்டியான்னா. நான் வார அவ மடியில வெச்சேன். முறத்த ஓரமாத் தள்ளிட்டு அதத் தடவினா. தோல், கிண்ணம், மடிப்பு. மடிப்புகிட்ட வந்ததும் கை நின்னுடுச்சு. அப்பத்தான் கேட்டேன். சத்தம் போடல, சின்னப் புள்ளகிட்ட கேக்கற மாதிரிதான் கேட்டேன். ஒதீலியாக்கா, அன்னிக்கு நீ பாத்தது அவர் கையில இருந்த பிளேடயா, இந்த நூலையான்னு.