கோரைக்கு ஈரம்

கனிமொழி: ...செத்துடுச்சுக்கா! ஒண்ணு விடாம செத்துடுச்சு!

மணிமேகலை: ஐயோ, யாருடி? தக்காளிக் கூடையக் கீழ போட்டுட்டேன், பாவி!

கனிமொழி: புத்துநோய் அணு! எங்க பெங்களூரு லேப்ல. எந்த மருந்துக்கும் அசையாம ஒக்காந்திருந்துச்சே, அது!

மணிமேகலை: அதுக்கா போன்ல இந்தக் கத்து கத்துற? எந்தப் புத்து?

கனிமொழி: மார்புல வர்றது.

மணிமேகலை: ...ம். சொல்லு.

கனிமொழி: நம்ம தோட்டத்துல கோரைக்கு மருந்தடிச்சா மேல இருக்கற புல்லு கருகிடும். அப்புறம்?

மணிமேகலை: அடியில கிழங்கு இருக்கே. ஒரு தண்ணி வுட்டா திரும்ப வந்து நிக்கும், சனியன்.

கனிமொழி: அதேதான்! கட்டிக்குள்ளயும் கிழங்கு மாதிரி கொஞ்சம் அணு இருக்கு. ஸ்டெம் செல்லுன்னு பேரு. கீமோ குடுத்தா மத்ததெல்லாம் செத்துடும், இது மட்டும்...

மணிமேகலை: தப்பிச்சுடும்.

கனிமொழி: எப்பிடித் தப்பிக்குது, சொல்லு பாப்போம்?

மணிமேகலை: படிச்சவ நீயா நானா?

கனிமொழி: சுத்தி இருக்கற நல்ல அணுங்கதான் காப்பாத்துது! புண்ணை ஆத்தற அணு, ரத்தக்கொழா அணு... எல்லாத்தையும் மயக்கி வெச்சிருக்கு. அதுங்களும் ‘சாவாத, சாவாத’ன்னு சேதி அனுப்பிட்டே இருக்கு.

மணிமேகலை: அடப்பாவமே... நம்ம ஒடம்பே அதுக்குச் சோறு போடுதா?

கனிமொழி: ஆமா! அந்தச் சேதிய மறிச்சோம். மறிச்சுட்டு அதே பழைய மருந்தக் குடுத்தோம். காலைல மைக்ராஸ்கோப்புல பாத்தா... நான் போட்ட சத்தத்துல வாட்ச்மேனே ஓடி வந்துட்டாரு!

மணிமேகலை: ஒண்ணு விடாமயா செத்துச்சு?

கனிமொழி: ...சரி, முக்காவாசி.

மணிமேகலை: அதான பாத்தேன்! ஒண்ண ஒம்போதாக்கறவளாச்சே நீ.

கனிமொழி: முக்காவாசியே பெரிய விசயம்க்கா!

மணிமேகலை: அந்த மருந்து... எப்பக் கெடைக்கும்?

கனிமொழி: இது கண்ணாடித் தட்டுல நடந்தது. இனி எலிக்குக் குடுத்துப் பாக்கணும், அப்புறம்தான் மனுசங்களுக்கு. வருசக்கணக்காவும். ஏன்?

மணிமேகலை: சும்மாதான். பக்கத்து வூட்டு ராமக்கா கேக்கச் சொன்னா. அவளுக்குக் கீமோ கேக்கலையாம், கட்டி கொறையவே இல்லியாம். நாளைக்குத் தருமபுரில வேற மருந்து மாத்தறாங்களாம். பயந்து கெடக்கறா.

கனிமொழி: ஒண்ணு கேக்கலன்னா இன்னொண்ணு கேக்கும்னு சொல்லு. இப்பவே வேற மருந்துங்க இருக்கு.

மணிமேகலை: நெசமாவா?

கனிமொழி: நெசமா. அவங்ககூட யாரு போறாங்க?

மணிமேகலை: தனியாத்தான். தங்கச்சி பெங்களூருல படிக்குது... சொன்னா அதும் படிப்பு கெட்டுடும்னு...

கனிமொழி: ராமக்காவுக்கு ஏதுக்கா தங்கச்சி?

மணிமேகலை: ஐயோ, வாய் தவறிடுச்சே...

கனிமொழி: தீர்த்தமலைல மொட்டை போட்டேன்னு போட்டோ அனுப்புனியே... மொட்டை போட்டா புருவமுமாக்கா போவும்? அன்னிக்கே தெரியும், நீயே சொல்லுவேன்னு இருந்தேன். அழாத... ஊருக்குத்தான் வந்துட்டிருக்கேன், பஸ்ஸு ராயக்கோட்டை தாண்டிடுச்சு, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நானும் வரேன்.