கூடை இறங்கிருச்சு

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவர் சிமெண்ட் ஆலையில் பெயிண்ட் அடிக்கிறவர் என்பது பேச்சில் தெரிந்தது. டிக்கெட் வாங்கியதும் திடீரென்று சொன்னார்:

"நேத்து கூடை இறங்கிருச்சு, நான் இறங்கல."

நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

"என்னங்க சொல்றீங்க?" என்று மனைவி கேட்டார்.

"பூம் லிப்ட்டு இருக்குல்ல, கூடையில நிக்க வச்சு மேல தூக்குற மிஷினு. சேப்டி பெல்ட்டு கொக்கியைக் கூடையிலதான் மாட்டணுமாம். நான் கட்டடத்துக் கம்பியில மாட்டிட்டேன். கூட இருந்தவன் கூடையை இறக்கவும், பெல்ட்டு என்னை அந்தரத்துல இழுத்துருச்சு. கத்துனேன், நிறுத்திட்டான்."

குன்னம் தாண்டும்வரை அந்த அம்மா ஜன்னல் கம்பியை விடவில்லை.

"மிஷினை நம்பாதீங்க, கட்டடத்துலயே மாட்டுங்கன்னு நான்தானே சொல்லி அனுப்புனேன்."

"நீ சொல்லாட்டியும் அங்கதான் மாட்டியிருப்பேன். இத்தன வருஷமா சாரத்துல நின்னு வேல பாத்தவனுக்கு அதானே பழக்கம்."

"இனிமே கூடையிலயே மாட்டுங்க."

"சரி."

"மாட்டிட்டு நல்லா இழுத்துப் பாருங்க."

"சரிங்கறேன்ல."

பெரம்பலூரில் அவர் முதலில் இறங்கினார். அவர் சட்டையைப் பின்னாலிருந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டே அந்த அம்மாவும் இறங்கினார்.