பனைமட்டை விலா

சமாதான காலத்தில் ஒரு காலை, முல்லைத்தீவிலிருந்து புதுக்குடியிருப்புக்குப் போகும் பஸ். எனக்கு முன்சீற்றில் இரண்டு பேர். சட்டையெல்லாம் பைபர் பசை காய்ந்திருந்த மூத்தவர் சொன்னார்:

"என்ர ஜெட்ஸ்கீ முதல்ல அப்பளம் மாதிரித்தான் இருந்தது. ஏறி நிண்டா அதின்ர வயிறு உள்ளுக்குப் போகும்."

நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

"ஜெட்ஸ்கீயோ அண்ணை? தண்ணியில ஓடுற மோட்டார்சைக்கிளோ?" என்றார் பக்கத்திலிருந்த இளையவர்.

"ஓம். நாயாத்துக் களப்பில நிண்டுகொண்டு ஓட்டுறதுக்கு நானே பைபரில செய்தனான். எஞ்சின் இன்னும் பூட்டேல்லை, ஒரு கையால தூக்கலாம்."

"உள்ளுக்கு ஃபோம் கட்டி வைச்சு இறுக்கியிருக்கலாமே?"

"ஃபோமுக்கு இஞ்ச எங்க போறது? காய்ஞ்ச பனைமட்டையைக் கவிட்டு வைச்சு, மேல பைபர் துணி ஒட்டினனான். விலா எலும்பு மாதிரி நிக்குது."

"மட்டை எங்கால?"

"எங்கட வேலியில உருவினது."

"வீட்டுக்கார அக்கா ஏசேல்லையோ?"

"ஏசாம விடுவாவோ? மட்டை உருவின ஓட்டையால மாடு பூந்து அவாவின்ர பயித்தங்கொடி முழுக்கத் திண்டிட்டுது. இப்ப அந்த ஓட்டையில ஜெட்ஸ்கீயை நிமித்தி வைச்சுக் கட்டியிருக்கிறா."

"ஐயோ, பலமோ எண்டு தண்ணியில விட்டுப் பாக்கவுமில்லையே!"

"அதை மாடு பாத்திட்டுது. ஒவ்வொரு நாளும் வந்து முட்டுது, ஒரு வெடிப்புமில்லை."