மழைக்கு அரை நாள்

மழை பெய்தால் நெல் காயாது, ஐயா. இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாக விளங்கிவிடும்.

என் பெயர் ஏரம்பு. ஓமந்தைக்கு இப்பால், கண்டி வீதியோரம் இருக்கும் அந்த நெல் மில்லில், ஐம்பதாம் ஆண்டு அது தொடங்கிய நாள் முதல் கணக்கப்பிள்ளை. பன்னிரண்டு வருஷமாகிறது. அவித்த நெல்லை முற்றத்தில் பரப்பிக் காயவைக்கும் பெண்கள் பதினொரு பேர். அவர்களுக்கு நாள் போடுவது என் வேலை. நாள் முழுக்க வெயிலென்றால் வரவு பதியும் இடாப்பில் முழுக் கோடு. மழை வந்து நெல்லைக் குவித்து மூடிவிட்டால் பாதிக் கோடு, அரை நாள். நீங்கள் இடாப்பைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வெட்டு, ஒரு கிறுக்கல் இராது.

பத்மாசனி நல்ல வேலைக்காரி. அதை மறைக்க மாட்டேன். முதல் பிள்ளை பிறந்து எட்டாம் நாளே வேலைக்கு வந்தவள். எங்கள் ஆட்களில் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும்வரை பிள்ளை பெற்றவள் வீட்டுப் படலையைத் தாண்ட மாட்டாள். இவள் தாண்டினாள், வீட்டில் உலை வைக்க ஒன்றுமில்லை. மார்புச் சேலை பாலில் நனைய நனைய நின்று நெல்லைத் துழாவினாள். பால் இங்கே, பிள்ளை அங்கே. இருபதாம் நாள் பிள்ளை போய்விட்டது. செய்தி வந்ததும் நான்தான் அவளை வீட்டுக்குப் போகச் சொன்னேன். அன்றைக்கு அரை நாள் போட்டேன்.

அடுத்தது வயிற்றில் வந்தபோது யாரோ அவளுக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். பேற்றுக்கு முந்திய ஒரு வருஷத்துக்குள் நூற்றைம்பது நாள் வேலை செய்தவளுக்கு, பேற்றுக்கு முன் இரண்டு கிழமையும் பின் நாலு கிழமையும் முதலாளி காசு கொடுத்து வீட்டில் இருத்தவேண்டும். உண்மைதான். எனக்கு அது முன்னமே தெரியும்.

முதலாளி யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தார். "ஒருத்திக்குக் குடுத்தால் மற்றப் பத்துப் பேரும் வயித்தைக் காட்டிக்கொண்டு வருவாளவை. உம்மடை இடாப்பு என்ன சொல்லுது, ஏரம்பு?" என்று கேட்டார். பார்த்துச் சொல்வதாகச் சொன்னேன்.

அரை நாள்களைச் சேர்க்கத் தேவையில்லை என்று முடிவு செய்தேன். அப்படியும் பேற்றுக்குமுன் நூற்றைம்பது வந்துவிடும்போல இருந்தது. பிறகு, வேறு சில நாள்களிலும் மழை பெய்திருக்கும் என்று தோன்றியது. மாசி மாதத்திலும் தோன்றியது. இடாப்பைச் சுத்தமாகப் பெயர்த்தெழுதினேன்.

அவள் உமிக் கொட்டிலின் பின்சுவரில் நாளுக்கொரு கரிக்கோடு இழுத்து வந்திருக்கிறாள். கூட வேலை செய்யும் சரீபா அதைச் சத்தமாக எண்ணிக்கொண்டு நின்றபோதுதான் கண்டேன். அன்று பின்னேரமே சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். கை கழுவுமுன் பத்மாசனி மேசைக்கு வந்துவிட்டாள்.

"அண்ணை, சுவரைப் பூசி என்ன பிரயோசனம்? எனக்கு மனதிலை கிடக்கு. நூத்தி நாப்பத்தொன்பது. நாளையோடை நூத்தைம்பது."

"என்ரை இடாப்பிலை நூத்தி இருபத்தெட்டு, பிள்ளை. மாசியிலையும் மழையெல்லே."

"அப்ப மாசி மழையை ஆர் கண்டது? வெள்ளிக்கிழமை இந்தச் சட்டம் பாக்கிற தொழில் கந்தோர் ஐயா வவுனியாவுக்கு வாறாராம். அவரிட்டைக் கேப்பம். இந்தப் பிள்ளையோடை முப்பத்தொரு நாளும் நான் பாயிலை கிடக்கப் போறன், அண்ணை."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபம் வந்தது எனக்குத்தான். பன்னிரண்டு வருஷத்தில் என் இடாப்பைப் பொய்யென்று ஒருவரும் சொன்னதில்லை.

மறுநாள் ஆறு மணிக்கே வந்து ஊறல் தொட்டியைக் கழுவவேண்டும் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். மற்றவர்கள் வருவது ஏழுக்கு. நெல் ஊறப்போடும் சீமெந்துத் தொட்டி அது, ஒன்றரை ஆள் ஆழம். எட்டு மாத வயிற்றோடு இறங்க மாட்டாள், கோபித்துக்கொண்டு தானாகவே வேலையை விட்டுவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். அவளோ வந்தாள், ஏணியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

நான் ஏணியை மேலே எடுத்தேன்.

"அண்ணை, ஏணி."

"நூத்தி இருபத்தெட்டு எண்டு சொல்லு, பிள்ளை. விடுறன்."

"நூத்தி நாப்பத்தொன்பது. இண்டையோடை நூத்தைம்பது."

தண்ணீர்க் குழாயைத் திறந்தேன். வெருட்டத்தான். முழங்கால் நனைந்தும் அதையே சொன்னாள். தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது, பிள்ளை நனைந்துவிடும் என்பதுபோல இரண்டு கையாலும் வயிற்றைத் தூக்கிப் பிடித்தாள். பிறகு சொன்னாள். "நூத்தி இருபத்தெட்டுத்தான், அண்ணை. காசும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். ஏணியை விடுங்கோ."

பயத்தில் சொல்லும் கணக்கு கணக்கல்ல, ஐயா. வெள்ளிக்கிழமை தரையில் நின்றால் வேறொன்று சொல்வாள். தண்ணீர் ஏற ஏற அவளும் ஏறி வந்து விளிம்பைப் பிடித்தாள். விரல்களை ஏணிக்காலால் விலக்கினேன். மூன்று தரம் விலக்கவேண்டியிருந்தது. ஏழுக்குக் கால் மணி இருக்கக் குழாயைப் பூட்டி, பலகைகளால் தொட்டியை மூடினேன்.

சரீபா வந்ததும் வராததுமாக, "பத்மாசனி எங்கை?" என்றாள்.

"அவள் இண்டைக்கு வரேல்லை. தொட்டி ஒழுகுது, ஒருத்தரும் திறக்க வேண்டாம்."

"வராமல் நிக்கிற ஆளில்லையே அவள்" என்று தொட்டியைப் பார்த்துக்கொண்டே முற்றத்துக்குப் போனாள். உங்களிடம் வந்து முறைப்பாடு சொன்னதும் அவள்தான்.

பின்னேரம் இடாப்பை விரித்தேன். அன்று நல்ல வெயில். அவள் பெயருக்கு எதிரே வெறுமையாக விட எனக்குக் கை வரவில்லை. மற்றவர்களைவிட ஒரு மணித்தியாலம் முந்தி வந்தவள். முழுக் கோடு போட்டேன். வரவில்லை என்று நானே சொன்ன ஒருத்திக்கு நாள் விழுந்திருக்கிறதே என்று நீங்கள் விரலை வைத்துக் கேட்டபோது, உங்கள் பொலிஸ்காரர் சிரித்தார். இப்படியும் ஒரு மடையன் உண்டா என்றார். சிரிக்கட்டும். ஏழைப் பெண்ணின் நாளைத் திருடி எனக்குப் பழக்கமில்லை.

தாயையும் பிள்ளையையும் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் வெள்ளிக்கிழமை தொழில் கந்தோர் ஐயா வருவார்; அவருக்கு என் இடாப்பைக் காட்டுங்கள். அந்த முழு நாளையும் சேர்த்து அவளுக்கு நூற்று இருபத்தொன்பது. சட்டப்படி இன்னும் இருபத்தொரு நாள் குறைகிறது.