சிலேசியாக்காரன்

ரொசீனா: கழுத்தை ஆட்டாதீங்க கார்ப்பரல். குண்டூசி குத்திட்டா அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

ஆஸ்முஸ்: ஆட்டாம எப்படிப் பாக்கறது? என்ன மஞ்சள் இது... எலுமிச்சம்பழத் தோலை உரிச்சு ஒட்டின மாதிரி!

ரொசீனா: மாகாணத்துக்கு ஒரு நிறம்னு பிரஷ்ய ராஜா சொன்ன மஞ்சள். பொமெரானியாக்காரங்களுக்கு வெள்ளைக் காலர், கிழக்கு பிரஷ்யாவுக்குச் செங்கல் நிறம், எங்க சிலேசியாவுக்கு மஞ்சள். உங்க முகத்துக்கு நல்லாத்தான் இருக்கு.

ஆஸ்முஸ்: நெஜமாவா?

ரொசீனா: மஞ்சக்காமாலை வந்தவர் மாதிரி.

ஆஸ்முஸ்: சிரிங்க, சிரிங்க. நான் சேர்ந்ததுலேர்ந்து இந்தப் பட்டாளத்துக்கு எத்தனை தடவை பேரு மாறியாச்சு தெரியுமா? முதல்ல ஒரு ஜெனரலோட பேரு. அவர் செத்தார், அடுத்தவர் பேரு. அவரை மாத்தினாங்க, அதுக்கடுத்தவர் பேரு...

ரொசீனா: ஜெனரலுக்கு இருமல் வந்தா உங்களுக்கெல்லாம் புதுப் பேரா?

ஆஸ்முஸ்: அதேதான். அவர் தும்மினாலே நாங்க வேண்டிக்குவோம். புதுப் பேரு நாக்குல நிக்கறதுக்குள்ள கசையடி வாங்கணுமே!

ரொசீனா: இனிமே அந்தத் தொல்லை இல்ல. ஜெனரல் போவார், வருவார். மண்ணு எங்கயும் போகாது. எங்க, புதுப் பேரைச் சொல்லுங்க பாப்போம்.

ஆஸ்முஸ்: முதலாம் சிலேசியப் பட்டாளம்.

ரொசீனா: வாய்க்குள்ளயே முணுமுணுக்கறீங்களே. சொந்த மண்ணோட பேரைச் சொல்றவர் இப்படியா சொல்லுவார்?

ஆஸ்முஸ்: ஊசி குத்துது...

ரொசீனா: நான் இன்னும் குத்தவே இல்ல.

ஆஸ்முஸ்: அப்படியா... சரி.

ரொசீனா: கேப்டன் ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுப் பொறந்த ஊரைக் கேக்கறாராமே?

ஆஸ்முஸ்: ஆமா. சண்டையில தோத்தப்புறம் ராஜாகிட்ட மிஞ்சியிருக்கற மாகாணத்துக்காரங்க மட்டும்தான் பட்டாளத்துல இருக்கலாமாம். மத்தவங்க கிளம்ப வேண்டியதுதான்.

ரொசீனா: நீங்க என்ன சொல்லுவீங்க?

ஆஸ்முஸ்: ரைஹன்பாக்னு. உங்ககிட்டதான் ஏற்கெனவே சொல்லியிருக்கேனே. இங்கேர்ந்து நடந்தே போயிடலாம்.

ரொசீனா: ரைஹன்பாக்ல எங்க? நெசவாளர் தெருவா?

ஆஸ்முஸ்: அதுக்குப் பக்கத்துல.

ரொசீனா: கோயிலுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

ஆஸ்முஸ்: நீங்க சட்டை தைக்கறீங்களா, விசாரணை நடத்தறீங்களா?

ரொசீனா: போன ஞாயித்துக்கிழமை நான் பன்னி இறைச்சியும் உலர்ந்த பேரிக்காயும் போட்டு மாவு உருண்டை வேகவெச்சேன். நீங்க தட்டை நீட்டி, ‘இன்னொரு க்ளும்ப் போடுங்க’ன்னீங்க.

ஆஸ்முஸ்: ருசியா இருந்துச்சு. கேட்டேன்.

ரொசீனா: இந்தப் பக்கம் பொறந்த எந்தக் குழந்தையும் அந்த உருண்டையை க்ளும்ப்னு சொல்லாது. இங்க அது க்ளீஸ்லா. என்ன, ஊசி குத்துதா?

ஆஸ்முஸ்: இப்ப நெஜமாவே குத்துது.

ரொசீனா: சொல்லுங்க. கதவு சாத்தித்தான் இருக்கு.

ஆஸ்முஸ்: எல்பே ஆத்தங்கரை. ஷ்டெண்டாலுக்குக் கிட்ட. எங்கப்பன், பாட்டன் எல்லாரும் பிரஷ்ய ராஜாவுக்குத்தான் வரி கட்டினாங்க. நான் ஊரை விட்டு வந்தப்ப அதுவும் பிரஷ்யாதான். போன வருஷம் சமாதானம் பேசினாங்களே... அன்னைக்கு எங்க ஊரு பிரஷ்யா கையை விட்டுப் போயிடுச்சு. இப்ப நெப்போலியனோட தம்பிதான் அங்க ராஜா.

ரொசீனா: அப்ப நீங்க...

ஆஸ்முஸ்: அயல்நாட்டுக்காரன். நான் இங்கயேதான் நின்னேன். காலுக்குக் கீழ இருந்த நாடு மாறிடுச்சு.

ரொசீனா: அனுப்பிட்டா அங்க போய் என்ன செய்வீங்க?

ஆஸ்முஸ்: அங்க போய் இறங்கினதும் அவங்க ஒரு சட்டையை மாட்டி விடுவாங்க. நாளைக்கே சண்டை வந்தா, இங்க என்கூட ஒரே சட்டியில கஞ்சி குடிச்சவனைப் பாத்து நான் துப்பாக்கியைத் தூக்கணும்.

ரொசீனா: ஐயோ, வேணாம். பேசாதீங்க.

ஆஸ்முஸ்: ரொசீனா... நான் போயிட்டா உங்களுக்கு வருத்தமா இருக்குமா?

ரொசீனா: இது என்ன கேள்வி? பிரெஞ்சுக்காரன் குண்டு போட்டு ஊரே எரிஞ்சப்ப, கோட்டையிலேர்ந்து ஓடி வந்து என் தையல் பெட்டியைத் தலையில தூக்கிட்டு வந்தது யாரு?

ஆஸ்முஸ்: பெட்டிக்கு நன்றியா...

ரொசீனா: கையைத் தூக்குங்க. அக்குள் அளவு பாக்கணும்.

ஆஸ்முஸ்: பேச்சை மாத்தறீங்க.

ரொசீனா: யாரோ கதவைத் தட்டறாங்க. உள்ள வாங்க, தாழ் போடல!

வென்ஸல்: சார்ஜெண்ட் வென்ஸல் வந்திருக்கேன் தாயி! டேய் ஆஸ்முஸ், இங்கதான் இருக்கியா? கேப்டன் அனுப்பினார்டா.

ரொசீனா: சார்ஜெண்ட், ஒரு நிமிஷம், வெளிய வாங்க, நான் உங்ககிட்டத் தனியா...

வென்ஸல்: தனியா என்ன தாயி, சந்தோஷமான சேதிதானே! கள்ளப்பயலே, கையைக் குடுடா! எங்க யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லல பாத்தியா?

ஆஸ்முஸ்: எதை?

வென்ஸல்: எதையாமே! வர்ற ஞாயித்துக்கிழமை கோயில்ல உனக்கும் இந்தம்மாவுக்கும் கல்யாணம்னு பாதிரியார் ஓலை வாசிச்சு அறிவிக்கப் போறாராம். இந்தம்மாவே காலையில கேப்டன்கிட்ட வந்து சொல்லிட்டுப் போயிருக்காங்க. சிலேசியாவுல பெண்டாட்டியும் வீடும் இருக்கறவன் சிலேசியாக்காரன்தான்னு வாதாடினாங்களாம்! வாசல்ல நின்ன காவக்காரன்வரைக்கும் கேட்டிருக்கு. பாரு, வாயைப் பொளந்துட்டு நிக்கறான். கல்யாணத்துக்கு பீர் பீப்பாய் உடைக்கறப்ப என்னை மறந்துடாதே. வரேன் தாயி.

ரொசீனா: போயிட்டாரா?

ஆஸ்முஸ்: போயிட்டார்.

ரொசீனா: என்னைப் பாக்காதீங்க. வேற வழி தோணல. அந்த உருண்டையைப் பத்திக் கேக்க அப்பவே வாய் வரைக்கும் வந்துச்சு. கேட்டா, நீங்க எங்க ஓடிப் போயிடுவீங்களோன்னு வாரமெல்லாம் தூங்கல. விடிஞ்சதும் போய்ச் சொல்லிட்டேன். உங்களுக்கு இஷ்டமில்லன்னா... கொஞ்ச நாள் கழிச்சு நானே போய் வேணாம்னு சொல்லிடறேன். ஊரு என்னைப் பாத்துத்தான் சிரிக்கும். பரவால்ல. நீங்க பட்டாளத்துல இருந்தாப் போதும்.

ஆஸ்முஸ்: கேப்டன் என்ன சொன்னார்?

ரொசீனா: மீசையைத் தடவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார். தோள் மட்டும் குலுங்குச்சு. ஏன்... நீங்க ஏன் இப்பச் சிரிக்கறீங்க?

ஆஸ்முஸ்: நேத்து சாயங்காலமே நான் அவர்கிட்ட உண்மையைச் சொல்லிட்டேன் ரொசீனா. முற்றுகையில கோட்டைச் சுவர் மேல நின்னவன் எங்க பொறந்தா எனக்கென்ன, இருடான்னுட்டார்.

ரொசீனா: நேத்தேவா! அடப்பாவி மனுஷா! அப்ப கஞ்சி, துப்பாக்கின்னு என்னை இவ்வளவு நேரம் பதற வெச்சீங்களே! நான் மானத்தை விட்டுப் போய்ச் சொன்னதெல்லாம் வீணா?

ஆஸ்முஸ்: வீண் இல்ல. நான் போனா நீங்க வருந்துவீங்களான்னு தெரிஞ்சுக்கத்தான் அப்படிப் பேசினேன். உன் ஊரும் போயிடுச்சு, இங்க உனக்குன்னு யாருடா இருக்கான்னு அவர் கேட்டார். ஒருத்தங்க இருக்காங்க, இன்னும் அவங்ககிட்டக் கேக்கலன்னேன். பேரு கேட்டார்... உங்க பேரைச் சொன்னேன்.