பன்னிரண்டு அலைகள் கூடும் இடம்

காலை ஐந்தே கால் மணி. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் போகிற சாலை. இரண்டு பக்கமும் பூட்டிக் கிடக்கிற கிடங்குகள்... ஈ காக்கை கிடையாது. சக்கர நாற்காலியில் தன் அக்காவை உட்கார வைத்து, முதல் நாள் சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போகிறார் ஆபரேட்டர். என் நண்பனுக்கு மைத்துனர் முறை. அவனிடம் அவர் சொன்னதைத்தான் சொல்கிறேன். நடுவில் எழுந்து போகிறவர்கள் இப்போதே போய்விடுங்கள், பிறகு துணைக்கு ஆள் கேட்கக் கூடாது.

புற்றுக் கட்டிக்குச் சூடு கொடுப்பது அவருடைய வேலை. வட்டமாகப் பன்னிரண்டு ஆன்டெனா, நடுவில் நோயாளியின் கால், காலை ஒட்டித் தண்ணீர்ப் பை. ஒரு ஆன்டெனாவின் மைக்ரோவேவ் அலை தனியாக ஒன்றும் செய்துவிடாது. பன்னிரண்டும் கூடுகிற இடம் மட்டும்தான் சூடேறும். ஆபீசில் எல்லோரும் சேர்ந்து ஒருத்தன் தலையை உருட்டுவார்களே, அது போல.

அக்காவுக்கு வலது தொடையில் கட்டி. ஆறு முறை சூடு கொடுத்தும் சுருங்காவிட்டால் காலை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா தையல் வேலை செய்கிறவள். மெஷினை மிதித்து மிதித்துத் தம்பியைப் படிக்க வைத்ததே அந்தக் கால்தான்.

அலைகளைக் குவிக்கும் கணக்கை ஒவ்வொருவருக்கும் புதிதாகப் போட வேண்டும். நான்கு நாள் ஆகும். இவருக்குப் பொறுக்கவில்லை. பாதி வைத்தியத்திலேயே போய்ச் சேர்ந்த ஒரு லாரி டிரைவருடைய கணக்கு கணினியில் கிடந்தது. அதே தொடை, அதே ஆழம். அதையே எடுத்துப் போட்டார்.

கதவைச் சாத்திவிட்டு, வெளி அறையில் உட்கார்ந்து விசையைத் தட்டினார். பம்பு 'டொக்... டொக்' என்று தண்ணீரைத் தள்ளியது. கட்டிக்குள் செருகிய வெப்பமானிக் கம்பி முப்பத்தேழு டிகிரி காட்டியது, உடம்பின் வழக்கமான சூடு. பத்து நிமிடம்... இருபது நிமிடம்... அதே முப்பத்தேழு. எங்கிருந்தோ டீசல் வாடை.

மைக்கில் அக்காவின் குரல் வந்தது. "தம்பி, எனக்குக் குளிருதுடா. பக்கத்துல கால் நீட்டியிருக்கிறவரைக் கொஞ்சம் தள்ளிக்கச் சொல்லேன்."

ஓடிப்போய்ப் பார்த்தார். அக்காவைத் தவிர யாரும் இல்லை. திரும்பி வந்து திரையைப் பார்த்தால், அலைகள் கூடுகிற இடத்தைக் காட்டும் சிவப்புப் புள்ளி காலுக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் காற்றில் நிற்கிறது. காற்று சூடாகாது. அந்த அலைக்குச் சதை வேண்டும், சதைக்குள் நீர் வேண்டும். அங்கே எதுவோ சூட்டை வாங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கணக்கை அழித்துவிட்டு, கண் விழித்துப் புதிதாகப் போட்டார். சதைக்குப் பதிலாகச் சோதனைக்கு வைத்த ஜெல்லி ஜம்மென்று சூடேறியது. அக்காவைப் படுக்க வைத்தால் முப்பத்தேழு. "கம்பியைச் சரியா செருகினீங்களா, பாருங்க" என்றார் டாக்டர். மூன்றாவது முறை... நான்காவது முறை... ஐந்தாவது முறை காலியான பக்கத்தைப் பார்த்துக் கும்பிட்டே விட்டார்.

"அண்ணே, எங்க அக்காவுக்கு விட்டுக் கொடுங்கண்ணே."

மைக்கில் ஒரு இருமல் கேட்டது. அக்கா இருமவில்லை.

ஆறாவது முறையும் முப்பத்தேழுதான். இடுப்போடு காலை எடுத்துவிட்டார்கள். "விடுடா, மெஷினுக்கு மோட்டார் போட்டுக்கலாம்" என்று அக்காதான் அவரைத் தேற்றினாள். அவர் குளியலறையில் போய் அழுதார்.

வீட்டுக்குக் கூட்டி வந்த மறுநாள், விடிவதற்குள் அக்கா கூப்பிட்டாள். சிகிச்சை அறை பூட்டியிருக்கிறது. சாவி இவர் சட்டைப் பையில். மெயின் சுவிட்சையும் இவரேதான் அணைத்துவிட்டு வந்தார்.

"தம்பி... சூடு வருதுடா. கட்டி இருந்த அதே இடத்துல."

எடுத்த காலில் வலி தெரிவது உண்டு, எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறார். அதைத்தான் அக்காவிடமும் சொன்னார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"ஏறிக்கிட்டே போகுது. தாங்கல. கொஞ்சம் குறைடா."

எதைக் குறைப்பார், பாவம்? அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குறைடா... குறைடா... முழுதாக ஒரு மணி நேரம், ஒரு முறை சூடு கொடுக்கிற அதே நேரம்.

நின்ற பிறகு போர்வையை விலக்கினார். கால் இல்லாத பக்கம் விரிப்பு தட்டையாகத்தான் கிடந்தது. தொடை அகலத்துக்கு மட்டும் ஈரம். தொட்டு முகர்ந்து பார்த்தார்.

வியர்வை.